முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி: குறைந்த பணம் எங்கே போக வேண்டும்?

கேள்வி: நண்பர்களோடு சில முறை ஏர்சாஃப்ட் ஆடியிருக்கிறேன், அதாவது சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டு. எல்லாம் மைதானத்தில் வாடகைக்கு எடுத்த துப்பாக்கிதான். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம், அதிகம் இல்லை. இரண்டு துப்பாக்கிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புதிது, எம்4 என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கி மாதிரி, உடல் முழுக்கப் பிளாஸ்டிக். இன்னொன்று ஒருவர் பயன்படுத்தியது, முழு உலோகம். "அப்கிரேடு செய்தது, 450 எஃப்பிஎஸ் போகும்" என்கிறார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர்கள் எல்லோரும் இரண்டாவதையே எடு என்கிறார்கள். ஸ்பிரிங், கேஸ், பேட்டரி என்ற மூன்று வகையில் எது எனக்குச் சரி என்பதிலும் குழப்பம். துப்பாக்கியோடு பேட்டரி, சார்ஜர், கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் ஒரே பெட்டியில் வருவதை வாங்கலாமா? வீட்டில் 11 வயதுத் தம்பி இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: பிளாஸ்டிக் உடல் கொண்ட புதியதையே எடுங்கள். நண்பர்கள் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன் என்பது தெரியும். அதனால்தான் காரணங்களை விரிவாக எழுதுகிறேன். ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பதும், ஆட்டத்துக்கு முன் ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்து உள்ளே விடுவதும் என் தொழில். குறைந்த பணத்தில் நல்ல துப்பாக்கி கிடைக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் துப்பாக்கியின் எந்தப் பாகத்துக்குப் போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மேலுடம்புக்குப் போயிருந்தால் சில மாதங்களில் ஏமாற்றம்தான். காற்றை அடைத்துத் தள்ளும் பாகங்களுக்கும் குண்டைச் சுழற்றிவிடும் ரப்பருக்கும் போயிருந்தால், விலை குறைவானாலும் அது நல்ல துப்பாக்கி.

முதலில் அந்த 450-ஐப் பார்ப்போம். எஃப்பிஎஸ் என்பது குண்டு விநாடிக்கு எத்தனை அடி போகிறது என்ற கணக்கு. பொதுவாக 0.20 கிராம் குண்டை வைத்து அளப்பார்கள். அந்தக் குண்டு விநாடிக்கு 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய 328 அடி வேகத்தில் வெளியே வந்தால் அதன் ஆற்றல் 1 ஜூல். 350 அடி என்றால் 1.14 ஜூல், 400 என்றால் 1.49. உங்களுக்குச் சொல்லப்பட்ட 450-க்கு 1.88 ஜூல் வருகிறது. 350-க்கும் 450-க்கும் நூறுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மேலே படும் அடியில் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளுக்குப் பல மைதானங்கள் 350-ஐ ஒட்டியே வரம்பு வைத்திருக்கின்றன. கட்டடத்துக்குள் ஆடும் இடங்களில் அதைவிடவும் குறைவு. 400-ஐத் தாண்டுவதை ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் ஸ்னைப்பர் வகைக்குத்தான் அனுமதிப்பார்கள். அதற்கும் இத்தனை மீட்டருக்குள் இருப்பவரைச் சுடக் கூடாது என்று தனி விதி இருக்கும். ஆக, அந்த 450 துப்பாக்கியோடு நீங்கள் போய் நின்றால், வேகம் அளக்கும் மேசையிலேயே என்னைப் போன்ற ஒருவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மைதான விதிக்கும் முன்னால் நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஜப்பானில் 0.98 ஜூலைத் தாண்டினால் சட்டவிரோதம். ஜெர்மனியில் 0.5 ஜூலைத் தாண்டினாலே ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். பிரிட்டனில் தானியங்கிக்கு 1.3 ஜூல், ஒற்றைக் குண்டு வகைக்கு 2.5 ஜூல் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறுகிற விஷயம் என்பதால் நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன வரம்பு, என்ன வயது, உரிமம் வேண்டுமா, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் விடுவார்களா என்பதையெல்லாம் விற்பவரின் வாய்வார்த்தையை நம்பாமல் நீங்களே விசாரியுங்கள். நீங்கள் ஆடப்போகும் மைதானத்துக்கு ஒரு போன் போட்டாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, வரம்பு இருக்கட்டும், வேகம் கூடினால் தூரம் போகுமே என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். எதிர்பார்க்கும் அளவுக்குப் போகாது. ஆற்றலை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் 1.41 மடங்குதான் ஏறும். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கால் கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் உருண்டை அந்தத் தடையில் சட்டென்று சோர்ந்துவிடும். பிறகு எப்படி ஒரு சாதாரண ஏர்சாஃப்ட் துப்பாக்கி 40, 50 மீட்டர் தூரத்தில் ஆளைத் தொடுகிறது? ஹாப்-அப் என்ற சிறிய ஏற்பாட்டால்தான்.

பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழாய், தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அதன் உள்ளே, மேல்பக்கத்தில் ஒரு மேடு. குண்டு அந்த மேட்டை உரசிக்கொண்டு போகும்போது பின்னோக்கிச் சுழல ஆரம்பிக்கிறது. அப்படிச் சுழலும் குண்டின் மேல்பக்கத்தில் காற்று விரைவாகவும் கீழ்ப்பக்கத்தில் மெதுவாகவும் ஓடுவதால் மேல்நோக்கி ஒரு தூக்கல் கிடைக்கும். மேக்னஸ் விளைவு என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அந்தத் தூக்கல் குண்டின் எடைக்கு ஈடுகொடுக்கும் வரை குண்டு தரையை நோக்கி விழாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். மேடு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குண்டும் அந்தப் பக்கமாக வளையும். ரப்பர் மோசமென்றால் ஒரு குண்டு மேலே ஏறும், அடுத்தது பாதி வழியில் விழும். நல்ல ஹாப்-அப் உள்ள 330 அடித் துப்பாக்கி, மோசமான ஹாப்-அப் உள்ள 450-ஐத் தூரத்திலும் குறியிலும் தோற்கடிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இவ்வளவுக்கும் அந்த ரப்பர், துப்பாக்கியின் மிக மலிவான பாகங்களில் ஒன்று.

அடுத்தது காற்று. பேட்டரி துப்பாக்கிக்குள் எதுவும் வெடிப்பதில்லை. மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தின் பற்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை இறுக்குகின்றன. பற்கள் முடிகிற இடத்தில் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாய்கிறது, சிலிண்டரில் இருக்கும் காற்று நாசில் என்ற சின்ன முனைக்குழாய் வழியாகக் குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் டயர் நிறையாது அல்லவா, இங்கேயும் அதே கதைதான். பிஸ்டன் தலையில் இருக்கும் ரப்பர் வளையம், சிலிண்டர் தலை, நாசில், நாசில் போய் ஹாப்-அப் ரப்பரில் முட்டுகிற இடம், இவற்றில் எங்கே கசிந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் வேகம் மாறும். கசிவைச் சரிசெய்ய நேரமும் பொறுமையும் வேண்டும். அதற்குப் பதிலாகப் பெரிய ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் வேகம் எண்ணிக்கையில் ஏறிவிடும், கசிவு அப்படியே இருக்கும். "அப்கிரேடு" என்ற பெயரில் என் மேசைக்கு வருகிறவற்றில் பல இப்படிப்பட்டவைதான்.

அதனால் எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்காதீர்கள். வேகமானியில் பத்து குண்டு சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். மிக அதிகமான எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் இடையே 10 அடிக்குள் இருந்தால் உள்ளே காற்று ஒழுங்காக அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். 30 அடி வித்தியாசம் காட்டினால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் பலரிடம் வேகமானி இருக்கும். சுட்டுக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

வகைகளுக்கு வருகிறேன். ஸ்பிரிங் துப்பாக்கியை ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். பேட்டரியும் வேண்டாம், கேஸும் வேண்டாம், பழுதாவதற்குப் பாகங்களும் குறைவு. ஆனால் எதிரில் இருப்பவர் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாக ஏற்றி ஆடுவது புதியவருக்குச் சலிப்பைத்தான் தரும். இதில் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு இழுப்புக்கு மூன்று குண்டுகளை மூன்று சின்னப் பேரல்கள் வழியாக ஒரே சமயத்தில் விடும் ஸ்பிரிங் ஷாட்கன்கள் இருக்கின்றன. டோக்கியோ மருய் என்ற ஜப்பானியக் கம்பெனி உருவாக்கிய வடிவம். சைமா போன்ற கம்பெனிகள் அதே வடிவத்தை மலிவாகச் செய்கிறார்கள். கட்டடங்களுக்குள்ளும் மரங்கள் அடர்ந்த இடத்திலும் இது பிரமாதமாக வேலை செய்யும். எந்த மழையிலும் சுடுவது நிற்காது. பேட்டரி வகை உங்கள் பணத்துக்கு எட்டவே இல்லை என்றால் தயங்காமல் இதை எடுங்கள்.

கேஸ் துப்பாக்கி கையில் அதிரும், மேல்பகுதி பின்னால் போய் வரும், சுடுவதில் அலாதியான திருப்தி இருக்கிறது. ஆனால் முதல் துப்பாக்கிக்கு அது வேண்டாம். க்ரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேனும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும்தான். குளிர் கூடினால் அதன் அழுத்தம் இறங்கும், வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். காலையில் வரம்புக்குள் இருந்த துப்பாக்கி மதியத்தில் வரம்பைத் தாண்டிவிடும். குண்டு நிரப்பி மாட்டும் மேகசினுக்குள்தான் கேஸும் அடைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மேகசினும் விலை அதிகம், கொஞ்ச நாளில் கசியவும் தொடங்கும். துப்பாக்கி மலிவாகத் தெரியும், நான்கு மேகசின் வாங்கும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

மிச்சம் இருப்பது பேட்டரி வகை. அதுதான் உங்களுக்கு. இதிலும் ஒரு எச்சரிக்கை: பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பல்சக்கரங்கள் உட்காரும் கூடான கியர்பாக்ஸும் பல்சக்கரமும் பிளாஸ்டிக்காக இருக்கும் மட்டமான வகை ஒன்று பொம்மைக் கடைகளில் விற்கிறது. பேட்டரி ஏதோ தனி வடிவத்தில் இருக்கும், ஸ்பிரிங் வேறு அளவில் இருக்கும், எந்த உதிரிப் பாகமும் அதற்குப் பொருந்தாது. உடைந்தால் குப்பைதான். உடல் பிளாஸ்டிக்காக இருப்பது வேறு, கியர்பாக்ஸ் பிளாஸ்டிக்காக இருப்பது வேறு. இந்த ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உதிரிப் பாகம் பொருந்துவது என்று சொன்னேன். மலிவான துப்பாக்கிகள் இன்று இவ்வளவு நன்றாக இருப்பதற்கே அதுதான் காரணம். டோக்கியோ மருய் 1991-இல் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கி மாதிரியில் முதல் மின்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அப்புறம் வந்த கம்பெனிகள் பெரும்பாலும் மருயின் கியர்பாக்ஸ் அளவுகளையே பின்பற்றின. அதனால் ஒரு கம்பெனியின் துப்பாக்கிக்குள் இன்னொரு கம்பெனியின் ஸ்பிரிங், பிஸ்டன், மோட்டார், ஹாப்-அப் ரப்பர் எல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்களோடு போய் உட்கார்ந்துவிடும். எம்4 வகையில் இருப்பது வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், ஏகே வகையில் வெர்ஷன் 3. இந்த இரண்டுக்கும் கிடைக்கிற அளவுக்கு உதிரிகள் வேறு எதற்கும் கிடைக்காது. அழகாக, அபூர்வமாக இருக்கிறதே என்று வேறு வடிவத்தைத் தேடிப் போகிறவர்கள் ஒரு நாசிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதல் துப்பாக்கி இந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.

பெயர் சொல்லிக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். போலந்தைச் சேர்ந்த ஸ்பெக்னா ஆர்ம்ஸின் கோர் வரிசை, தைவானின் ஜி அண்ட் ஜி கம்பெனியின் காம்பாட் மெஷின் வரிசை, சைமாவின் ஏகேக்கள். மூன்றிலும் மேலுடம்பில் மிச்சம் பிடித்துக் கியர்பாக்ஸில் செலவழித்திருக்கிறார்கள். கோர் வரிசையில் கியர்பாக்ஸைப் பிரிக்காமலே பின்பக்கமாக ஸ்பிரிங்கை மாற்றும் வசதி இருக்கிறது. இன்று ஒரு மைதானம், நாளை வேறு வரம்புள்ள மைதானம் என்று போகிறவருக்கு இது பெரிய உதவி. நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

முழு உலோகம் என்ற கவர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான் நார் கலந்த பிளாஸ்டிக் உடல் கையில் லேசாக இருக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும். விலை குறைந்த "முழு உலோகம்" பெரும்பாலும் வார்ப்புத் துத்தநாகக் கலவை. கனமாக இருக்கும், அதனால் தரமானது போல ஒரு மயக்கம் வரும். ஆனால் திருகு மரை தேய்ந்து போவதும் காது போன்ற மெல்லிய பகுதிகள் உடைவதும் அதில்தான் அதிகம். நல்ல அலுமினிய உடல் வேறு ரகம், அது இந்த விலைக்கு வராது. அரை நாள் ஓடியாடிய பிறகு கூடுதலாக ஒரு கிலோ என்ன செய்யும் என்பது உங்கள் தோளுக்குத் தெரியும்.

பயன்படுத்தியதை வாங்கவே கூடாதா என்றால் அப்படியில்லை. யாரும் திறக்காத, கம்பெனியில் வந்தபடியே இருக்கும் துப்பாக்கியை, ஆட்டத்தில் ஆர்வம் போனதால் விற்கிறார் என்றால் அது நல்ல வாய்ப்பு. நான் பயப்படுவது திறந்து "மேம்படுத்திய" துப்பாக்கிகளைப் பார்த்துத்தான். ஸ்பிரிங்குக்கு எம்100, எம்120 என்று எண் போடுவார்கள், 0.20 கிராம் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ அத்தனை மீட்டர் வேகத்தில் தள்ளும் என்று பொருள். 450 அடி என்பது 137 மீட்டர். அதாவது எம்130-க்கும் மேல் ஏதோ ஒன்றைத் திணித்திருக்கிறார்கள். வெர்ஷன் 2 கியர்பாக்ஸில் சிலிண்டர் தலை உட்காரும் முன்பகுதிதான் பலவீனமான இடம். பெரிய ஸ்பிரிங்கின் அடியை வாங்கி வாங்கி அங்கேதான் விரிசல் விடும். பிஸ்டனின் பற்கள் உதிரும், மோட்டார் சூடேறும், விசைக்குக் கீழே இருக்கும் செப்புத் தொடுமுனைகள் கருகும். வெளியே எதுவும் தெரியாது. அந்த நபரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: என்ன ஸ்பிரிங், யார் பிரித்தது, கழற்றிய பழைய பாகங்கள் எங்கே? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்து, பத்து குண்டுச் சோதனையிலும் தேறி, இப்போதைய ஸ்பிரிங்குக்குப் பதில் எம்100 போட்டுத் தருகிறார் என்றால் அப்போது யோசிக்கலாம். விலை புதியதற்குச் சமம் என்கிறீர்களே, அதனால் எனக்கு அப்போதும் மனம் ஒப்பாது.

ஒரே பெட்டியில் எல்லாம் வருவதைப் பற்றி. துப்பாக்கியும் மேகசினும் பரவாயில்லை. உள்ளே வரும் சார்ஜரும் கண்ணாடியும்தான் பிரச்சினை. பெரும்பாலும் 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரியும் சுவரில் செருகும் சின்ன சார்ஜரும் வரும். அந்தச் சார்ஜர்களில் பல, பேட்டரி நிறைந்ததும் தானாக நிற்காது. 1600 எம்ஏஎச் பேட்டரியை 250 மில்லியாம்பியரில் ஏற்றினால் ஏழு மணி நேரத்தை ஒட்டி ஆகும், நீங்கள்தான் நேரம் பார்த்துக் கழற்ற வேண்டும். மறந்தால் பேட்டரி சூடேறிக் கெடும். பெட்டிக்குத் தனி விலை, துப்பாக்கிக்கு மட்டும் தனி விலை என்று இரண்டும் இருந்தால் துப்பாக்கியை மட்டும் வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல சார்ஜரும் 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்றும் எடுங்கள். லிப்போவைச் செல்களைச் சமன்செய்து ஏற்றும் சார்ஜரில்தான் போட வேண்டும். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் நிறைவு, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது, சில வாரம் ஆட்டமில்லை என்றால் 3.8-இல் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள், தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. 11.1 வோல்ட் போட்டால் படபடவென்று சுடும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மின்னோட்டத்தைத் தன் வழியாக விடும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் இல்லாத துப்பாக்கியில் அந்த மின்னோட்டம் முழுக்க விசையின் தொடுமுனை வழியாகவே போகும், சீக்கிரம் கருகிவிடும்.

இனி கண்ணாடி. உங்கள் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது இதுதான், துப்பாக்கிக்கும் முன்னால். வாடகைக் கண்ணாடியிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் இலவசமாக வரும் கண்ணாடியைப் போடவே போடாதீர்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 166-இல் எழுத்துக் குறி ஒன்று இருக்கும். 'எஃப்' என்றால் 6 மி.மீ. எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனைக் குண்டின் எடை 0.86 கிராம். கணக்குப் போட்டால் 0.87 ஜூல்தான், நீங்கள் வாங்கப்போகும் 350 அடித் துப்பாக்கியின் 1.14 ஜூலைவிடக் குறைவு. 'பி' குறி 120 மீட்டர் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது, ஆறு ஜூலுக்கும் மேல் தாங்கும். எனவே 'பி' குறி, முகத்தோடு நன்றாக ஒட்டி மூடும் கண்ணாடி. அமெரிக்கத் தரத்தில் பார்த்தால் இசட்87-க்குப் பக்கத்தில் ப்ளஸ் குறி இருக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில் திறந்த மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லாமல் முழுக்க மூடியதாக. கம்பி வலைக் கண்ணாடியில் பனி படியாது என்று பலர் விரும்புகிறார்கள். குண்டு வலையில் மோதிச் சிதறினால் துகள்கள் உள்ளே வரும். நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வலையை வாய்க்கும் மூக்குக்கும் போடுங்கள். அங்கே அது மிகப் பொருத்தம், பல் உடையாமல் காப்பாற்றும்.

பணத்தைப் பிரிப்பது பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் துப்பாக்கிக்கு. மீதியில் கண்ணாடி, முகமூடி, சார்ஜர், பேட்டரி, கூடுதலாக இரண்டு மூன்று மேகசின், குண்டு, மூடிய பை. மேகசினில் சக்கரம் சுற்றி ஏற்றும் ஹைகேப் ஒன்று துப்பாக்கியோடு வரும். கூடுதலாக வாங்குவதைச் சக்கரம் இல்லாத மிட்கேப்பாக வாங்குங்கள், நடக்கும்போது சத்தம் வராது. தொலைநோக்கி, லேசர், டார்ச் எதுவும் இப்போது வேண்டாம்.

குண்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பெயரில் 6 மி.மீ. என்றாலும் நல்ல குண்டின் விட்டம் 5.95 மி.மீ., மிஞ்சினால் நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். பேரலின் உள்விட்டமே 6.03, 6.05 என்று இருக்கும்போது ஓரம் பிசிறுள்ள மலிவான குண்டு உள்ளே சிக்கும், உடையும், ஹாப்-அப் ரப்பரைக் கிழிக்கும். 0.12 கிராம் குண்டு பொம்மைக்கானது. உங்களுக்கு 0.25 கிராம் சரி. அதே 1 ஜூலில் அது விநாடிக்கு 89 மீட்டர்தான் போகும், ஆனால் காற்றில் அலையாது, கடைசி வரை திசை மாறாமல் போகும். மண்ணில் மக்கும் குண்டு வாங்கினால் பையைத் திறந்த பிறகு ஈரம் படாமல் வையுங்கள், ஈரத்தில் உப்பிவிடும். தரையில் கிடப்பதைப் பொறுக்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

தம்பியைக் குறிப்பிட்டதற்கு நன்றி. நிறையப் பேர் சொல்வதில்லை. 11 வயதுப் பையனுக்கு இது தொடத் தடைசெய்யப்பட்ட பொருளாக மட்டும் இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்க்கத்தான் செய்வான். அவனை உட்காரவைத்து ஒரு முறை பிரித்துக் காட்டுங்கள், ஒரு குண்டு காலி டப்பாவில் என்ன ஓட்டை போடுகிறது என்று இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். அதற்குப் பிறகு பூட்டி வையுங்கள்: துப்பாக்கி ஒரு இடம், பேட்டரி வேறு இடம், மேகசின் காலியாக. வைப்பதற்கு முன் மேகசினைக் கழற்றி, பாதுகாப்பான திசையில் இரண்டு முறை சுட்டுப் பேரலில் குண்டு இல்லை என்று உறுதிசெய்து, பேரல் மூடியை மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றுவது அப்புறம். மேகசினை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது, நாசிலுக்கு முன்னால் ஒரு குண்டு தங்கியிருக்கும். தெருவில் பை இல்லாமல் கொண்டுபோவதும், மாடியில் நின்று தோளில் வைத்துப் பார்ப்பதும் கூடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் காவலருக்கும் அது நிஜத் துப்பாக்கிதான். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும்போது முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த 0.25 குண்டுப் பையையும் எடுத்துப் போங்கள். ஒற்றைக் குண்டு முறையில் பத்து, தொடர்முறையில் சின்னச் சின்னதாகச் சில. சத்தத்தைக் கேளுங்கள்: ஒரே மாதிரி தட், தட் என்று வந்தால் நல்லது, கரகரவென்று அரைப்பது போலவோ கீச்சென்று இழுப்பது போலவோ இருந்தால் பல்சக்கரங்களின் இடைவெளியோ மோட்டாரின் உயரமோ சரியில்லை. ஹாப்-அப் மேட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை முழுக்கத் தளர்த்திவிட்டு ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டே சுடச் சொல்லுங்கள். குண்டு முதலில் சீக்கிரம் விழும், போகப் போக நீளும், ஒரு கட்டத்தில் நேராகப் போய்க் கடைசியில் மட்டும் லேசாக எழும்பி இறங்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வானத்துக்குப் போகும். இதில் குண்டு எப்போதும் ஒரே பக்கம் வளைந்தால் ரப்பரைக் கழற்றி நேராக மாட்டித் தரக் கேளுங்கள், கால் மணி நேர வேலைதான். சுடும் இடம் கடையில் இல்லையென்றால், வாங்கிய வாரத்திலேயே மைதானத்தில் இதைச் செய்து பார்த்து, குறை இருந்தால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்கள் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பத்து அளவுகளையும் என்ன ஸ்பிரிங் என்பதையும் சொன்னால், ரப்பரை மாற்ற வேண்டுமா, அப்படியே ஆடலாமா என்று சொல்லிவிடுவேன்.